மஜ்ஜைக்குச் சொன்ன பொய்

ரிப்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் ஹப்சா கேட்ட கேள்வி ப்ரிஸ்காவுக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கு இப்ப எத்தனை மாசம்?"

ப்ரிஸ்கா தன் கணவன் பென்சிகரைப் பார்த்தாள். அவன் டாக்டரைப் பார்த்தான். பிள்ளை இல்லையென்று தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருப்பவர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

"டாக்டர், நாங்க வந்ததே..."

"தெரியும்மா. அதனாலதான் கேக்கிறேன். உங்க ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ஆறு மாசக் கர்ப்பிணிக்கு இருக்கிற அளவுல இருக்கு. ஸ்கேன்ல பார்த்தா கர்ப்பப்பை காலி. கட்டி எதுவும் இல்ல. அப்ப இது வெளியில இருந்துதான் வருது. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

டாக்டர் எழுந்து வந்து ப்ரிஸ்காவின் இடது கையைத் தூக்கி, உட்பக்கமாக விரலால் தடவினார். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

"அதுவா, என் தம்பிக்கு ஸ்டெம் செல் குடுத்தப்போ வெச்சது. அஞ்சு வருஷம் ஆச்சு. தன்னால கரைஞ்சிரும்னு சொன்னாங்க."

"அது அப்பவே கரைஞ்சிருக்கும். இது வேற. இத வெச்சு ஒரு வருஷம்கூட ஆயிருக்காது." டாக்டரின் குரல் தணிந்தது. "கடைசியா இந்தக் கையில ஊசி எப்ப போட்டாங்க?"

ப்ரிஸ்காவுக்கு நினைவிருந்தது. வருடாந்திரச் செக்கப்பில், இரும்புச் சத்து ஊசி என்று சொல்லிப் போட்டார்கள். வலிக்கும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது தம்பி ரெக்ஸன் அவளுடைய மற்ற கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ப்ரிஸ்கா துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்ப்பவள். வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை ரேடியோவில் அழைத்து, எது எப்போது எந்த வழியாக உள்ளே வரவேண்டும் என்று சொல்வது அவள் வேலை. ரெக்ஸன் அதே துறைமுகத்தில் இழுவைப் படகின் கேப்டன். அப்பா கடலில் மூழ்கிப்போன பிறகு, அம்மா எமல்டா மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போன நாட்களில், அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் ப்ரிஸ்காதான். இருவருக்கும் நாலு வயது வித்தியாசம்.

அவனுக்குக் கல்யாணமான புதிதில் பல் விளக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வந்தது. பிறகு உடம்பெல்லாம் காரணமில்லாமல் நீலத் திட்டுகள். எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திக்கொண்டுவிட்டது என்றார்கள். கொற்கை ரத்த மையம் என்று ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் நப்பின்னைதான் ஒரு வழி சொன்னார். அக்காவின் செல்கள் தம்பிக்கு அச்சாகப் பொருந்துகின்றன. ஆனால் பழைய முறையில் எடுத்தால் போதாது.

"பிள்ளை உண்டானா ஒரு பொம்பளை உடம்புல ரத்தம் ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு ஆகும்," என்று அன்று நப்பின்னை விளக்கினார். "அந்த ரத்தத்தை எல்லாம் யார் செய்யிறது? மஜ்ஜையில இருக்கிற ஸ்டெம் செல்தான். ஈஸ்ட்ரோஜன் அங்க போய், 'வீட்டுக்கு ஒரு ஆள் கூட வருது, உலையில இன்னும் கொஞ்சம் அரிசி போடு'ன்னு சொல்லுது. உடனே செல்லு பெருகுது. நாங்க தீக்குச்சி அளவுல ஒரு குச்சி செஞ்சிருக்கோம். கையில தோலுக்கு அடியில வெச்சா அந்தச் சேதியைச் சொல்லிக்கிட்டே இருக்கும். பிள்ளை இல்ல, ஆனா இருக்குன்னு உங்க மஜ்ஜை நம்பும்."

"பொய் சொல்லி வேலை வாங்குறீங்க," என்று ப்ரிஸ்கா சிரித்தாள்.

"அப்படியும் வெச்சுக்கலாம். மூணு மாசத்துல குச்சி கரைஞ்சு போயிரும். அதுவரைக்கும் பிள்ளை உண்டாகாது. அப்புறம் எல்லாம் பழையபடி."

அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பென்சிகரும் தடுக்கவில்லை. மூணு மாசம்தானே என்றான். ரெக்ஸன் பிழைத்துக்கொண்டான். அவன் மறுபடி படகேறிய அன்று ரேடியோவில், "கோபுரத்துக்கு வணக்கம், உங்க ரத்தம் பேசுது," என்றான். கோபுரத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை செக்கப். தானம் கொடுத்தவர்களின் மஜ்ஜை தேறிவிட்டதா என்று பார்க்கவேண்டும் என்பார்கள். ஒரு கையில் எடுக்கிற ரத்தம் எந்திரத்துக்குள் ஓடி மறு கைக்குத் திரும்பி வரும். அரை நாள் படுத்திருக்க வேண்டும். ரெக்ஸனே வந்து காரில் கூட்டிப் போவான். மாதுளம்பழம் உரித்து ஒவ்வொரு முத்தாக ஊட்டுவான். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அவள் நர்சிடம் சொன்னபோது, கொடுத்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்றார்கள்.

சரியாகவில்லை. பென்சிகரைச் சோதித்துப் பார்த்ததில் அவனுக்கு ஒரு குறையுமில்லை. அவனுடைய அம்மா, விசேஷ வீடுகளில் ப்ரிஸ்காவின் காதில் விழும்படியாகவே பேசத் தொடங்கினாள். இதற்கிடையில் ரெக்ஸனுக்கு ஜெமி பிறந்தாள். திருமுழுக்கின்போது ஞானத்தாயாக நின்று குழந்தையை ஏந்தியவள் ப்ரிஸ்கா. அன்று ரெக்ஸன் அவள் தோளில் முகம் வைத்து அழுதான். நன்றி பெருகி அழுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிய மறுநாள் அவள் தனியாகவே கொற்கை மையத்துக்குப் போனாள்.

நப்பின்னை அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க, செக்கப்புக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றார். ப்ரிஸ்கா கையை நீட்டிக் குச்சி இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதை எனக்குத் தெரியாம ஏன் வெச்சீங்க?"

டாக்டரின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"தெரியாமயா? உங்க தம்பி உங்ககிட்டப் பேசிட்டதாச் சொன்னாரே."

"என்ன பேசினதா?"

நப்பின்னை கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "முதல் வருஷம் முடியிறப்போ ஒண்ணைக் கவனிச்சோம். உங்க செல்லு அவர் உடம்புல தூங்க ஆரம்பிச்சுது. பொம்பளை உடம்புல வளர்ந்த செல்லு, அதுவும் குச்சி வெச்சு ஈஸ்ட்ரோஜன் நிறையப் பார்த்துப் பழகினது. ஆம்பளை உடம்புல ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம்தான் இருக்கும். சேதி வராததால செல்லு ஒண்ணொண்ணா வேலையை விட்டிருச்சு. எல்லா ஆம்பளை நோயாளிக்கும் இதே கதைதான். அவருக்கு ரெண்டு வழி சொன்னேன். ஒண்ணு, அவரே ஆயுசுக்கும் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கணும். மார்பு வளரும், தசை இளகும், ஆண்மை குறையும். பிள்ளை வேணும்னா முன்கூட்டியே விந்து எடுத்து வெச்சுக்கலாம்னும் சொன்னேன்."

"இன்னொண்ணு?"

"வருஷா வருஷம் உங்ககிட்ட இருந்து புது செல். அதுக்கு ஒரு வருஷம் தாங்குற குச்சி உங்க கையில இருந்துக்கிட்டே இருக்கணும். அக்காகிட்டக் கேட்டுச் சொல்றேன்னு போனார். மறுவாரம் வந்து, அக்கா சம்மதிச்சிட்டா, ஆனா வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரிஞ்சா பிரச்சினை ஆகும், அதனால இதைப்பத்தி யாரும் அவகிட்டப் பேச வேண்டாம், சும்மா செக்கப்னே சொல்லுங்கன்னார்."

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

"உங்க பக்கத்துல எப்பவும் அவர் இருந்தார். அவ்வளவு பாசமா..." நப்பின்னை நிறுத்தினார். "கேக்கல. கேட்டிருக்கணும். எனக்கும் அந்தச் செல்லு தேவையா இருந்துச்சு. என்னோட முதல் வெற்றி உங்க தம்பிதான்."

ப்ரிஸ்காவுக்குக் கோபம் வரவில்லை. நாலு வருடம். பிள்ளை வேண்டுமென்று அவள் மெழுகுவர்த்தி ஏற்றிய மாதா கோயில்கள், பென்சிகர் வெட்கத்தோடு போய் நின்ற சோதனைச் சாலைகள், மாமியாரின் பேச்சு. அத்தனை நாளும் அவள் உடம்பு பிள்ளை இருப்பதாக நம்பி, யாரோ வரப்போகிறார்கள் என்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனவன் மாதுளம்பழம் ஊட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து பென்சிகரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் மேற்பார்வையாளன். அதிகம் பேசமாட்டான். கேட்டு முடித்ததும் எழுந்து ஜன்னலருகே போனான். அவன் ரெக்ஸனை அடிக்கக் கிளம்புவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் திரும்பி அவளைக் கேட்டான்.

"நெசமாவே உனக்குத் தெரியாதா ப்ரிஸ்கா?"

"என்ன கேக்கீங்க?"

"கையில ஒண்ணை வெச்சு, அரை நாள் எந்திரத்துல போட்டு ரத்தம் எடுக்காங்க. வருஷா வருஷம். நீ கேக்கவே இல்லையா? ரெக்ஸன்னா உனக்கு உசிரு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு நீயே சொல்லியிருந்தா, அதுவும் எனக்குப் புரியும். உள்ளதச் சொல்லிரு."

தம்பி இட்டுக்கட்டிய பொய் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தாள். பென்சிகர் அப்புறம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிரு, வாய் தவறிட்டு," என்றான். அவன் கேட்டது கேட்டதுதான்.

ரெக்ஸனின் படகு துறைமுகத்தின் மூன்றாம் தளத்தில் கட்டிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கிப் போயிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் அவன் கை கொடுத்து ஏற்றிவிட வந்தான். அவள் தானே ஏறினாள்.

"டாக்டர் ஹப்சாவையும் பார்த்தேன். நப்பின்னையையும் பார்த்தேன்," என்றாள்.

அவன் முகம் வெளிறிப்போனது. சுக்கான் அறைக்குள் போய் உட்கார்ந்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆன பிறகா?"

"ஒரு வருஷம்தான்னு நினைச்சேன். ஷைனிக்கு ஒரு பிள்ளை பொறந்ததும் நிறுத்திருவோம்னு. சத்தியமா."

"ஜெமி பொறந்து மூணு வருஷம் ஆச்சுலே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுலே. அப்ப ஏன் நிறுத்தல?"

"ஷைனி இப்ப மறுபடியும் உண்டாயிருக்கா," என்றான் மெதுவாக.

ப்ரிஸ்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஷைனி அவளிடம் சொல்லவில்லை. மதினி மனசு வருத்தப்படும் என்று நினைத்திருப்பாள்.

"பிள்ளைக்காகன்னு சொல்லாத. முன்கூட்டியே எடுத்து வெச்சுக்கலாம்னு டாக்டர் உனக்குச் சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லு."

படகு தளத்தில் மோதி மோதி நின்றது. பிறகு அழுகிற குரலில் சொன்னான்.

"அந்த மாத்திரையைப் போட்டா நான் என்னவா ஆவேன்னு டாக்டர் படம் போட்டுக் காமிச்சாங்கக்கா. இந்தப் படகுல ஏழு ஆம்பளையளோட சட்டையைக் கழத்திப்போட்டு வேலை பார்க்கேன். வீட்டுல ஷைனி இருக்கா. அப்படி ஆகி அவ முன்னாடி நிக்க முடியாதுக்கா. செத்துரலாம். உனக்கு மாமா இருக்காரு, வேலை இருக்கு. நீ பிள்ளை இல்லாமலும் சந்தோஷமா இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது."

"அப்படித் தெரிஞ்சுதா உனக்கு?"

"யக்கா..."

"என்கிட்ட வந்து கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு உனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் பொறுத்துக்கன்னு கேட்டிருந்தா பொறுத்திருப்பேன். ரெண்டு வருஷம்னாலும் பொறுத்திருப்பேன். உனக்குன்னா நான் எதைத்தான் மாட்டேன்னு சொல்லியிருக்கேன்? நீ கேக்கவே இல்ல. நான் மாட்டேன்னு சொல்லிரக் கூடாதுன்னு கேக்காமலே எடுத்துக்கிட்ட."

அவன் எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் இறங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஹப்சா குச்சியை எடுத்தார். சின்னக் கீறல், ஒரு தையல். பீங்கான் தட்டில் கிடந்ததைப் பார்த்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு.

அம்மா எமல்டா வந்து வாசலில் நின்றாள். ரெக்ஸன் அவளிடம் பாதி சொல்லியிருந்தான்.

"எடுத்துட்டியாமே? தம்பி செத்தா நீ சந்தோஷமா இருப்பியா?"

"அவனுக்கு மாத்திரை இருக்கும்மா. அவன் சாக வேண்டாம்."

"பொட்டப்பிள்ளை மாதிரி ஆக்கிற மாத்திரையாமே."

"நான் பொம்பளையாத்தானே இருக்கேன். அதுல என்ன கேவலம்?"

எமல்டா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவன் உன் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனாள்.

நப்பின்னை கணக்குப் பார்த்து, ரெக்ஸனிடம் இருக்கிற செல்கள் அந்த ஆண்டு முடியும்வரை தாங்கும் என்றார். மாத்திரையைத் தொடங்கிவிட்டதாக அவன் வீட்டில் சொன்னான். ரேடியோவில் அவன் குரல் வரும்போது ப்ரிஸ்கா மைக்கைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிடுவாள். ஆனாலும் மாதங்கள் போகப் போக அவள் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்தது. தவறு செய்தான், இப்போது அதற்கான விலையையும் கொடுக்கிறான் என்று தோன்றியது. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்கானது. பென்சிகர் அவளை மறுபடி கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டான். கிறிஸ்துமஸுக்கு ரெக்ஸன் வீட்டுக்குப் போகலாமா என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

அந்த வாரம்தான் நப்பின்னையிடமிருந்து போன் வந்தது.

"ப்ரிஸ்கா, இதை நான் உங்ககிட்டச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. முந்தி கேக்காம விட்டேன். இப்பச் சொல்லாம விட முடியல. உங்க தம்பி மாத்திரையைத் தொடவே இல்ல. ரத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது. போன வாரம் மகளைக் கூட்டிட்டு வந்தார்."

"எந்த மகளை?"

"ஜெமியை. பொருத்தம் பார்க்கச் சொன்னார். பாதிக்குப் பாதி பொருந்துது. இப்ப இருக்கிற முறையில அதுவே போதும். குச்சி வெச்சா எடுக்கலாம்."

"அவளுக்கு மூணு வயசு டாக்டர்."

"நான் முடியாதுன்னுட்டேன். அந்த வயசுல ஈஸ்ட்ரோஜன் குடுத்தா நாலு வயசுல பெரியமனுஷி ஆயிருவா. வளர்த்தி நின்னுபோகும். சொன்னேன். அவர் வலிக்குமான்னு மட்டும் கேட்டார். பெங்களூர்ல ஒரு இடத்துல செய்யிறாங்க. தகப்பன் சம்மதம் போதும் அங்க. ரிப்போர்ட் எல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கார்."

ப்ரிஸ்கா வேலையிலிருந்து பாதியில் எழுந்தாள். பென்சிகருக்குச் சொல்ல நேரமில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக ரெக்ஸன் வீட்டுக்குப் போனாள்.

ஷைனி கூடத்தில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஜெமி பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி! எவ்வளவு நாளாச்சு." ஷைனிக்கு உண்மையான சந்தோஷம். "பெங்களூர் போறோம். அவுகளுக்கு அங்க ஏதோ செக்கப்பாம். பிள்ளையையும் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் சுத்திக் காட்டுதேன்னாக."

ரெக்ஸன் அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அக்காவின் குச்சி, மாத்திரை, ஆஸ்பத்திரியில் ஜெமிக்கு எடுத்த ரத்தம், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ மனக்கசப்பு என்று மட்டும் நினைத்திருந்தாள்.

ப்ரிஸ்கா தரையில் அவளருகே உட்கார்ந்து சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கப்பலுக்கு வழி சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷைனி நடுவில் எதுவும் கேட்கவில்லை. "நான் இவளைச் சுமந்தப்போ உங்க கையில அது இருந்துச்சா மதினி?" என்று மட்டும் கடைசியில் கேட்டாள்.

"இருந்துச்சு."

ஷைனி பெட்டிக்குள்ளிருந்து ஜெமியைத் தூக்கி வெளியே விட்டாள். பிறகு ஜெமியின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். ரெக்ஸனின் சட்டைகள் மட்டும் பெட்டியில் மிஞ்சியபோது அவன் உள்ளே வந்தான். இரண்டு பெண்களையும் தரையில் கிடந்த துணியையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் மெலிந்திருந்தான். கழுத்தில் நீலத் திட்டு ஒன்று இருந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது ஷைனி. ஒரே ஒரு தடவைதான்."

"மதினி விஷயத்துலயும் ஒரு வருஷம்தான்னுதான ஆரம்பிச்சீக?"

"அப்ப நான் சாகட்டுமா?"

"மாத்திரை இருக்குல்ல."

"அதப் போட்டா உனக்கு நான் எப்படி ஒரு புருஷனா இருப்பேன்?"

ஷைனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப எனக்கு நீங்க என்னவா இருக்கீக?"

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கி உட்கார்ந்தான். அப்பா பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்து ஜெமி அவன் மடியில் போய் ஏறிக்கொண்டாள். ஷைனி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்து அவன் முகத்தைக் கைகளால் மூடினான். அவன் தொடுவதற்குக்கூட அவள் விடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ப்ரிஸ்கா சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "மாத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவன் அலமாரியைக் காட்டினான். பிரிக்காத அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்து நீட்டினாள். அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்கி விழுங்கினான். தண்ணீரைக் குடித்து முடித்ததும், "யக்கா," என்றான். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, ஷைனியையும் ஜெமியையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பிரசவம் முடியும்வரை ஷைனி அங்கேதான் இருந்தாள். ரெக்ஸன் தினமும் மாத்திரை போடுகிறானா என்று ரத்தச் சோதனை முடிவை வாங்கிப் பார்த்துக்கொண்டாள். அவன் எண்ணிக்கை மெல்ல ஏறியது. தூங்கிப்போயிருந்த செல்கள் விழித்துக்கொண்டதாக நப்பின்னை சொன்னார். படகில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தது, சிரிப்பும் வந்தது, கொஞ்ச நாளில் அதுவும் ஓய்ந்தது. கேப்டன் வேலை போகவில்லை. இரண்டாவதும் பெண் குழந்தை. குழந்தை பிறந்த பிறகு ஷைனி வீடு திரும்பினாள், இரண்டு பெண்களையும் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு.

ப்ரிஸ்காவுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. நாற்பதைத் தொட்டுவிட்ட அவள் வயதைத்தான் டாக்டர் ஹப்சா காரணமாகச் சொன்னார். நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. வெளியே வந்ததும் பென்சிகர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று ஜன்னலருகே அவன் கேட்ட கேள்வி அவளுக்குள் இன்னும் கிடந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தள்ளித் தள்ளிப் போன சின்னவளின் திருமுழுக்குக்கு ஷைனி வந்து அழைத்தாள். இதற்கும் ஞானத்தாய் மதினிதான் என்றாள். ப்ரிஸ்கா போனாள். கோயிலில் ரெக்ஸன் தூணோரமாகத் தளர்வான சட்டை போட்டுக்கொண்டு நின்றான். ஓராண்டாக அவனை அவள் நேரில் பார்க்கவில்லை. மழித்த முகம் வழவழப்பாக இருந்தது. கன்னம் உருண்டு, தாடையின் கூர்மை போயிருந்தது. கண்ணுக்குக் கீழே சதை மென்மையாகியிருந்தது.

எமல்டா மகளின் தோளைத் தொட்டு, சண்டையெல்லாம் தீர்ந்துவிட்ட குரலில், சந்தோஷமாகவே சொன்னாள்.

"பாத்தியாட்டி? சின்னதுல ரெண்டு பேருக்கும் ஜாடையே இருக்காது. இப்ப உன் முகத்தை அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கான்."

ப்ரிஸ்கா பார்த்தாள். அம்மா சொன்னது சரிதான். ஒவ்வொரு நாள் காலையிலும் கண்ணாடியில் பார்க்கிற முகம் தூணோரம் நின்று, தன்னைப் பார்க்கும்படி அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவனுக்காக இரக்கம் வருகிறதா என்று ஒரு கணம் தேடினாள். வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சாமியார் ஞானத்தாயைப் பெயர் சொல்லி அழைத்தார். ரெக்ஸன் குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி அவளிடம் நீட்டினான். அவள் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.